மேக்கப் பெட்டியில் போட்டிருப்பது உண்மையா? சென்னையில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மணப்பெண் மேக்கப் வேலைக்குப் போகிற வீடுகளிலும் மண்டபங்களிலும், மேக்கப் போட்டு முடித்த கையோடு யாராவது ஒருவர் தன் ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு ட்யூபையோ பிரஷ்ஷையோ நீட்டி, "இது சொல்றபடி வேலை செய்யுமா?" என்று கேட்பார். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

பெட்டியில போட்டிருக்கிறதை எல்லாம் நம்பலாமா அக்கா?

முதலில் அந்த வாக்கியம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். "பட்டுப் போன்ற சருமம்", "ஜொலிக்கும் அழகு" இவையெல்லாம் சோதிக்கவே முடியாதவை. அவற்றுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். "12 மணி நேரம் எண்ணெய் வழியாது", "டம்ளரில் ஒட்டாது", "தண்ணீரில் கலையாது", "முடி உதிராது" போன்றவை சோதிக்கக் கூடியவை. வாங்கிய பொருளில் அப்படிப்பட்ட ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் சோதியுங்கள்.

அப்புறம், பெரிய எழுத்து வாக்கியத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பயன்படுத்திய பெண்களில் இத்தனை சதவீதம் பேர் அப்படி உணர்ந்தார்கள் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது கருத்துக் கேட்பு. சருமத்தின் ஈரத்தை கார்னியோமீட்டர் வைத்தும் எண்ணெயை செபுமீட்டர் வைத்தும் அளப்பது வேறு. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஒன்று அல்ல.

கம்பெனிக்காரங்க லேப்ல டெஸ்ட் பண்ணித்தானே விக்கிறாங்க? நாம எதுக்குத் திரும்பப் பண்ணணும்?

அவர்கள் சோதிக்கிற அறையில் வெப்பமும் ஈரப்பதமும் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருக்கும். நம் ஊரில் வியர்வை வருவது மட்டும் பிரச்சினை இல்லை, வந்த வியர்வை காயாது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது மேக்கப்புக்கு அடியில் தேங்கி, மேலே போட்ட பூச்சைத் தூக்கிவிடும். வறண்ட, குளிர்ந்த ஊரில் சாயங்காலம் வரை நின்ற ஃபவுண்டேஷன், கத்திரி வெயிலில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸில் போவதற்குள் மூக்கோரம் திட்டுத் திட்டாகப் பிரிந்தால் அதை வைத்து கம்பெனி பொய் சொல்லிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் நாளுக்கு அது பொருந்தவில்லை என்பதுதான் அதிலிருந்து தெரிகிறது. காசு போட்டு வாங்கும் நமக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே.

மெட்ரோவில் ஏசியில் போகிறவரின் நாள் வேறு, ஹெல்மெட் போட்டு வண்டியில் போகிறவரின் நாள் வேறு. அடுத்தவர் முடிவு உங்களுக்கு உதவாமல் போவது அதனால்தான்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? அதுக்குன்னு ஏதாவது வாங்கணுமா?

ஒன்றும் வாங்க வேண்டாம். பாதி முகச் சோதனை போதும். வலது பக்கம் புதுப் பொருள், இடது பக்கம் நீங்கள் வழக்கமாகப் போடுவது. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், பவுடர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் ப்ரைமரையும் ஃபவுண்டேஷனையும் சேர்த்து மாற்றினால் நல்ல பெயரோ கெட்ட பெயரோ யாருக்குப் போகும் என்று தெரியாது. அடுத்த முறை பக்கத்தை மாற்றிப் போடுங்கள். போனைக் காதில் வைக்கும் கன்னமும், பஸ் ஜன்னலோரம் வெயில் படும் கன்னமும் சீக்கிரம் கலையும். பக்கம் மாற்றாவிட்டால் அந்தப் பழி புதுப் பொருள் மேல் விழும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது, மதியம், திரும்பி வந்ததும் என மூன்று முறை போட்டோ எடுங்கள். காலையிலும் மாலையிலும் எடுப்பது ஒரே ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இருக்கட்டும். போனில் பியூட்டி மோடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை நிறுத்துங்கள். அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துவையுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவை வானிலை மையம் தினமும் வெளியிடுகிறது.

இன்னும் நேர்மையாகச் செய்ய வேண்டுமா? தங்கையைவிட்டுப் பூசச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் எது என்று உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் மனசு முன்கூட்டியே ஆசைப்படும். விலை தெரியாமல் பார்த்தால் கண் சரியாகப் பார்க்கும்.

கையில போட்டுப் பார்த்தா போதாதா?

சில சோதனைகளுக்குப் போதும். காஜல் காய எவ்வளவு நேரம் ஆகிறது, ப்ரைமர் மேல் ஃபவுண்டேஷன் தேய்த்தால் அழுக்கு உருளுவது போல உருளுகிறதா என்பதெல்லாம் புறங்கையில் தெரிந்துவிடும். எண்ணெய், நிறம் இரண்டுக்கும் புறங்கை உதவாது. நெற்றியிலும் மூக்கிலும் இருக்கிற அளவுக்கு அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. நிறமும் பெரும்பாலானவர்களுக்கு முகத்தோடு ஒத்துப்போகாது.

நிறத்துக்குத் தாடை ஓரம்தான் சரி. பாண்டி பஜாரில் வாங்கினாலும் மாலில் வாங்கினாலும், கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் இருக்கும் டெஸ்டரை உதட்டிலும் கண்ணிலும் படவிடாதீர்கள், எத்தனை பேர் தொட்டதோ.

கடையில சரியா இருந்த ஷேடு, வீட்டுக்கு வந்ததும் கறுத்துடுதே?

இதை எல்லோரும் "ஆக்ஸிடைஸ் ஆகிடுச்சு" என்கிறார்கள். ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுக்கும் இரும்பு ஆக்சைடுகள் ஏற்கெனவே ஆக்சைடுதான், அவை முகத்தில் புதிதாகத் துருப்பிடிப்பதில்லை. பெரும்பாலும் நடப்பது இரண்டு: பூச்சில் இருக்கும் நீரும் எளிதில் ஆவியாகும் சிலிகோனும் போனபின் நிறமி நெருங்கி அடர்த்தியாகத் தெரியும். அப்புறம் நம் முகத்து எண்ணெய் அந்த நிறமியில் ஊறும்.

இரண்டில் எது உங்களுக்கு என்று கண்டுபிடிக்கலாம். தாடை ஓரம் ஒரு கோடு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கோடு. ஒரு மணி நேரம் கழித்து அவற்றின் பக்கத்திலேயே புதிதாக ஒவ்வொரு கோடு போட்டு ஒப்பிடுங்கள். தட்டிலும் கறுத்திருந்தால் அது காய்ந்தால் அப்படித்தான் ஆகும், அரை ஷேடு வெளிர் நிறமாக வாங்குங்கள். தட்டில் அப்படியே இருந்து தாடையில் மட்டும் கறுத்திருந்தால் காரணம் எண்ணெய். ஷேடை மாற்றிப் பயனில்லை, அடியில் போடுவதை மாற்றுங்கள்.

நான் தினமும் மஞ்சள் தேய்ச்சுக் குளிப்பேன். அதனால எதுவும் மாறுமா?

மாறும். மஞ்சள் நிறம் தோலில் தங்கிவிடும், மேலே போடும் ஷேடு மஞ்சளடித்துத் தெரியும். நலங்கு முடிந்த மறுநாள் மணப்பெண்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். சோதனை செய்யும் வாரம் மட்டும் முகத்துக்கு மஞ்சள் வேண்டாம்.

24 மணி நேரம் இருக்கும்னு போட்டிருக்கே, நிஜமாவே இருக்குமா?

24 மணி நேரம் ஃபவுண்டேஷனோடு இருக்க யாருக்கும் அவசியமில்லை, சோதிப்பதற்காக அதோடு தூங்கவும் கூடாது. உங்களுக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். ஆபீசுக்கு 10 மணி நேரம். முகூர்த்தத்துக்கு, விடியற்காலை 3 மணிக்குப் போட்டால் மதியப் பந்தி முடியும் வரை. ரிசப்ஷனுக்கு எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம்.

முகம் முழுக்க ஒரே நேரத்தில் கலையாது. மூக்கின் இரண்டு ஓரம், மேலுதடு, தாடைக்குழி, ஹெல்மெட் பஞ்சு படும் நெற்றி, இந்த நாலு இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். கன்னத்தில் அழகாக நின்று மூக்கில் மட்டும் பிரிந்தால் அந்த ஃபவுண்டேஷனைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூக்கில் குறைவாகப் போட்டு பவுடர் ஒற்றினாலே சரியாகிவிடும்.

"எண்ணெய் வழியாது" என்பதற்கு டிஷ்யூ போதும். மதியம் நெற்றியின் இரண்டு பாதியிலும் தனித்தனி டிஷ்யூவை ஒரே அழுத்தத்தில் ஒற்றி எடுத்து ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போலத் தெரியும். எந்தத் தாளில் அந்தத் திட்டு பெரியது என்பதுதான் பதில்.

காஜல் வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருந்தது. மழையில நனைஞ்சா நிக்குது, ஆபீஸ்ல சும்மா உட்கார்ந்தா ஈஷிக்குது. ஏன்?

வாட்டர்ப்ரூஃப் என்றால் தண்ணீரைத் தாங்கும் என்பது மட்டும்தான் பொருள். எண்ணெயைத் தாங்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. காஜலில் இருப்பது மெழுகும் எண்ணெயும், கண்ணுக்குக் கீழே தோல் விடுவதும் எண்ணெய். இரண்டும் சேர்ந்தால் கரையத்தான் செய்யும். வாட்டர்ப்ரூஃப் மேக்கப்பைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தால் போய்விடுவதும் இதே காரணத்தால்தான்.

புறங்கையில் நாலு கோடு இழுங்கள். முதல் கோட்டைப் பத்து விநாடியில் தேயுங்கள். இரண்டாவதை இரண்டு நிமிடம் கழித்து. நெடுநேரம் நிற்கும் நல்ல லாங்-வேர் காஜலில் ஆவியாகும் கரைப்பான் இருக்கும், அது போனபின்தான் படலம் இறுகும், அதனால் இந்த இரண்டு கோட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் அது சாதாரண காஜல், பெட்டி என்ன சொன்னாலும் சரி. மூன்றாவது கோட்டில் ஒரு சொட்டு தண்ணீர், நாலாவதில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, கொஞ்சம் பொறுத்து விரலால் ஒற்றிப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் போடுவதாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹோமப் புகையில் மணப்பெண் கண்ணைக் கசக்குவாள், தாரை வார்க்கும்போது அழுவாள், அம்மா புடவைத் தலைப்பால் துடைத்துவிடுவாள். அழிவது கண்ணீரால் அல்ல, அந்தத் துடைப்பால். ஆகவே ஈரமான துணியால் ஒரு முறை இழுத்துப் பார்த்துத்தான் நான் கண் மேக்கப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கிறேன். அந்த இழுப்பில் ஐலைனர் சுருளாகப் பெயர்ந்து வந்தால் அது என் பெட்டிக்குள் போகாது. சாம்பலாகப் பரவுவதைக்கூடத் துடைத்துச் சரி செய்யலாம், சுருளாகப் பெயர்வதை மணவறையில் உட்கார்ந்து சரி செய்ய முடியாது.

லிப்ஸ்டிக் 'ஒட்டவே ஒட்டாது'ன்னு விளம்பரம். எப்படிச் சோதிக்கிறது?

மூன்று படி. பூசி ஐந்து நிமிடம் கழித்து வெள்ளை டிஷ்யூவைக் கவ்வுங்கள். அடுத்து எவர்சில்வர் டம்ளரில் சூடாகக் காபி, வாய் வைத்துக் குடியுங்கள், வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் சோதனை நடக்காது. கடைசியாக நெய் மிதக்கும் பொங்கலும் வடையும். காஜலுக்குச் சொன்னதுதான் இங்கேயும்: மேட் திரவ லிப்ஸ்டிக் தண்ணீரையும் காபியையும் தாங்கும், நெய்யிடம் தோற்கும். உதட்டின் உள்வட்டம் முதலில் போகும்.

முதல் இரண்டில் ஜெயித்து மூன்றாவதில் தோற்றால் விளம்பரம் பொய் இல்லை. டம்ளரிலேயே தோற்றால் பொய்.

செட்டிங் ஸ்ப்ரே உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல வெறும் தண்ணியா?

மேக்கப் கலையாமல் நிற்கக் கடைசியில் அடிக்கும் இந்த ஸ்ப்ரேக்குப் பாதி முகச் சோதனையில் ஒரு சின்ன மாற்றம். ஒரு பக்கம் ஸ்ப்ரே, மறுபக்கம் ஒன்றுமே அடிக்காமல் விட்டால் தவறான முடிவு வரும். ஏனென்றால் வெறும் தண்ணீரே பவுடரைத் தோலோடு படியவைத்து, பூச்சு தெரியாமல் ஆக்கிவிடும். அதனால் மறுபக்கத்துக்குச் சுத்தமான பாட்டிலில் வெறும் தண்ணீரை அடியுங்கள். மாலை வரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நீங்கள் வாங்கியது அழகான பாட்டிலில் வந்த நீர்.

உண்மையான செட்டிங் ஸ்ப்ரேயில் படலம் உருவாக்கும் பாலிமர் இருக்கும். கண்ணாடித் துண்டில் அடித்துக் காயவிட்டு விரலால் தொட்டால் லேசாகப் பிசுக்கென்று ஒரு படலம் தெரியும்.

நேர்ல நல்லா இருந்தேன், கல்யாண போட்டோவில முகம் மட்டும் வெள்ளையா இருக்கு. ஏன்?

ஃப்ளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள்கள் பூச்சில் இருக்கின்றன. ஹெச்டி பவுடரில் இருக்கும் சிலிக்கா, சன்ஸ்கிரீனில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு இவைதான் வழக்கமான காரணம். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இது இன்னும் பளிச்சென்று தெரியும். "கேமராவுக்கு ஏற்றது" என்று பெட்டியில் இருந்தால், விளக்கை அணைத்த அறையில் போன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். நெற்றியும் கண்ணுக்குக் கீழேயும் வெளுத்திருந்தால் முகூர்த்தத்துக்கு அந்தப் பவுடர் வேண்டாம்.

ஃபவுண்டேஷன்லயே எஸ்.பி.எஃப். 50 இருக்கு. சன்ஸ்கிரீன் தனியா வேணுமா? அதையும் வீட்ல டெஸ்ட் பண்ணலாமா?

வேண்டும். வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எஸ்.பி.எஃப். அளவை லேபில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகிவிடும், யாரும் போடுவதில்லை. குறைவாகப் போட்டால் பாதுகாப்பும் குறையும். ஒழுங்காகப் பூசினால் எஸ்.பி.எஃப். 30 புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. எண்ணைவிட அளவு முக்கியம்.

இதை வீட்டில் சோதிக்க வழியில்லை. வெயிலில் நின்று கறுக்கிறதா என்று பார்ப்பது சோதனை அல்ல, தோலைக் கெடுத்துக்கொள்வது.

பிரஷ்ல 'நிஜ ஆட்டு முடி'ன்னு போட்டிருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உதிர்ந்த ஒரே ஒரு முடியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். நிஜ முடி என்றால் தலைமுடி கருகும் வாசனை வரும், நசுக்கினால் சாம்பலாக உதிரும். நைலான் வகை என்றால் உருகிச் சின்ன மணியாக இறுகும், பிளாஸ்டிக் நெடி அடிக்கும். எதற்கும் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

நிஜ முடி உசத்தி, சின்தெடிக் மட்டம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நிஜ முடியின் மேல்புறத்தில் செதில்கள் உண்டு, பவுடரைப் பிடித்து மெல்ல விடும். திரவ ஃபவுண்டேஷனுக்குச் சின்தெடிக்தான் நல்லது, சீக்கிரம் காய்வதால் நம் ஊர் மழைக்காலத்துக்கும் அதுவே வசதி. ஒரு எச்சரிக்கை: கீரி முடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியை விற்பது குற்றம்.

புது பிரஷ், முகமெல்லாம் முடி கொட்டுது. திருப்பிக் கொடுக்கலாமா?

இரண்டு மூன்று முறை கழுவும் வரை பொறுங்கள். வெட்டும்போது தங்கிய தளர்ந்த முடிகள் முதலில் விழும். அதன் பிறகும் தினமும் கொட்டினால் உலோகக் கழுத்துக்குள் இருக்கும் பசை சரியில்லை. முடியை உள்ளங்கையில் அழுத்தி விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா, கழுத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துண்டில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சாயம் இறங்கும் பிரஷ்ஷைக் கண் பக்கம் கொண்டு போகவே கூடாது.

'ஃபவுண்டேஷனை உறிஞ்சாது'ன்னு ஒரு பிரஷ் 1,500 ரூபாய். 150 ரூபாய் பிரஷ்ஷுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

அளந்து பார்க்கலாம். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது, ஆன்லைனில் கிடைக்கும். உலர்ந்த பிரஷ்ஷை எடை போடுங்கள். தட்டில் அரை கிராம் ஃபவுண்டேஷன் எடுத்து முகத்தில் பூசி முடித்து, பிரஷ்ஷைத் திரும்ப எடை போடுங்கள். கூடியிருக்கும் எடைதான் அது உறிஞ்சியது. ஸ்பாஞ்ச் என்றால் நனைத்துப் பிழிந்தபின் ஒரு எடை, பூசியபின் ஒரு எடை. நனைக்காத ஸ்பாஞ்ச் குடிப்பதைத் தராசில் பார்த்தவர்கள் பிறகு ஒருபோதும் நனைக்காமல் பயன்படுத்துவதில்லை.

பூச்சின் அழகை எடை சொல்லாது. அதற்குப் பாதி முகச் சோதனையைப் பிரஷ்ஷை மட்டும் மாற்றிச் செய்யுங்கள். என் அனுபவத்தில் ஃபவுண்டேஷன் பிரஷ்ஷில் விலைக்கேற்ற வித்தியாசம் குறைவு. கண்ணிமையில் நிறங்களைக் கலக்கும் பிரஷ்ஷில் வித்தியாசம் தெரிகிறது, காசு போடுவதாக இருந்தால் அதில் போடுங்கள்.

கழுவக் கழுவ பிரஷ் விறைச்சுப் போகுது. பிரஷ் போலியா?

தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம், சோப்பு நுரைக்காமல் அந்த உப்போடு சேர்ந்து முடியில் படிந்துவிடும். ஒரு முறை கேன் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். மென்மை திரும்பினால் பிரஷ் மேல் தப்பில்லை. காயவைக்கும்போது படுக்க வையுங்கள் அல்லது தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஈரம் கழுத்துக்குள் இறங்கிப் பசையை இளக்கும். மொட்டை மாடி வெயில் மரக் கைப்பிடியைப் பிளந்துவிடும், மின்விசிறிக் காற்று போதும். ஐப்பசி, கார்த்திகையில் முழுக்கக் காயாமல் டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சை வாடை வரும்.

"பாக்டீரியா எதிர்ப்பு இழை" என்று போட்ட பிரஷ்ஷையும் இதே மாதிரி வாரம் ஒரு முறை கழுவத்தான் வேண்டும்.

'தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது'ன்னா பயமில்லாம போடலாமா?

சோதித்தார்கள் என்றுதான் இருக்கிறது, என்ன முடிவு வந்தது என்று இல்லை. "அலர்ஜி வராது", "பரு வராது" என்பவையும் உங்கள் தோலுக்கான உத்தரவாதம் இல்லை. முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் கழுவி நிறுத்துங்கள், அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. பரு விஷயத்தில் 48 மணி நேரம் போதாது. ஒரு கன்னத்தில் மட்டும் சில வாரங்கள் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"கெமிக்கல் இல்லாதது" என்ற வாக்கியத்தைச் சோதிக்க வேண்டியதே இல்லை. தண்ணீரும் கெமிக்கல்தான்.

லிப்ஸ்டிக்ல தங்க மோதிரத்தைத் தேய்ச்சா ஈயம் இருக்கிறது தெரியுமாமே?

தெரியாது. தங்கம் உரசும்போது பல லிப்ஸ்டிக்குகளில் கறுப்புக் கோடு விழும், ஈயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் விதிகளின்படி அழகுசாதனங்களில் சேர்க்கும் நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேல் இருக்கக் கூடாது. அவ்வளவு நுண்ணிய அளவை ஆய்வகக் கருவிதான் காட்டும். மோதிரத்தைக் கீறிக்கொள்ளாதீர்கள்.

பாதி விலைக்குக் கிடைச்சுது. ஒரிஜினலா டூப்ளிகேட்டானு எப்படிப் பார்க்கிறது?

தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உட்பொருள் பட்டியல் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும் என்கின்றன 2020 அழகுசாதன விதிகள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் உள்ளே ட்யூபில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். போலிகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். ட்யூபில் எண்ணே இல்லாமல் வழவழவென்று இருந்தால் முகத்தில் போடாதீர்கள், கண்ணுக்கும் உதட்டுக்கும் நிச்சயமாக வேண்டாம்.

தேதி இன்னும் இருக்கு, ஆனா திறந்து ரொம்ப நாளாச்சு. அதை வெச்சு டெஸ்ட் பண்ணலாமா?

திறந்த டப்பா படமும் அதற்குள் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்து 12 மாதம் வரை என்று பொருள். மஸ்காராவுக்கு மூன்று முதல் ஆறு மாதம்தான். வண்டி டிக்கியில் வெயிலில் கிடந்ததை வைத்துச் செய்த சோதனை கம்பெனிக்கு நியாயமாகாது. லிப்ஸ்டிக் மேல் வியர்த்ததுபோல எண்ணெய் முத்து நின்றால் அது சூடு பட்டதன் அடையாளம். வாடை மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

வீடியோவில போடறவங்க சொல்றதை எந்த அளவுக்கு எடுத்துக்கலாம்?

காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-இல் விதி வகுத்தது. பொருளின் பலனை மிகைப்படுத்திக் காட்டும் ஃபில்டரும் கூடாது. அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட, பூசிய உடனே எடுத்த முகத்தை மட்டும் காட்டுகிறாரா, சாயங்கால முகத்தையும் அதே வெளிச்சத்தில் காட்டுகிறாரா என்று பாருங்கள். சாயங்கால முகத்தைக் காட்டுகிறவர் விளம்பரம் செய்தாலும் நான் கேட்பேன்.

எல்லாம் சோதிச்சாச்சு, சொன்னது பொய்தான். இப்ப என்ன பண்றது?

பில், பெட்டி, பொருள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பாதி முகப் போட்டோக்களைத் தேதியோடு சேர்த்து, நோட்டில் எழுதிவைத்த அந்த ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்டு முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். பொதுவாக "நல்லா இல்ல" என்று எழுதினால் பதில் வராது. "டம்ளரில் ஒட்டாது என்று போட்டிருக்கிறது, ஒட்டுகிறது, படம் இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால் வரும். பணம் திரும்ப வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விளம்பரம் பற்றிய புகாரை விளம்பரத் தர கவுன்சிலின் இணையதளத்தில் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே பதியலாம்.

கண் எரிச்சல், தோல் வெந்துபோவது, போலிச் சரக்கு என்றால் அது வேறு ரகம். அதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கொண்டு போங்கள், சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனங்கள் சட்டம், 1940-இன் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் யாராக இருந்தாலும் கட்டணம் கட்டி அந்தப் பொருளை அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்துக் காலி செய்துவிடாமல், மூடி இறுக்கி பில்லோடு எடுத்துப் போங்கள்.